மக்களைக் குறை சொல்லும் முன் உங்கள் கடிதத்தைப் பாருங்கள்: பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பிய நாடுகளின் சுகாதார அமைச்சர்களுக்கும், பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டங்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும்,

"மக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லாததே பங்கேற்பு குறைவாக இருப்பதற்கு முக்கியக் காரணம்." உங்களில் ஒருவருடைய அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த பதிலில் இருந்த வரி இது. என் அண்ணன் வாழும் நாட்டில், அழைப்பு போகிறவர்களில் பாதிப் பேர்கூட இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்வதில்லையே, ஏன் என்று கேட்டு எழுதியிருந்தேன். அதற்குத்தான் இந்தப் பதில். மார்ச் மாத விழிப்புணர்வு மாதத்துக்குப் புதிய சுவரொட்டிகள் தயாராகின்றன என்று அடுத்த பத்தி சொன்னது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை கிட்டை நேராக வீட்டுக்கே அனுப்பும் யோசனை இப்போதைக்குப் பரிசீலனையில் இல்லை என்றும் அதே பத்தி சொன்னது. சுவரொட்டிக்குப் பணம் உண்டு, தபாலுக்கு இல்லை. இதை அந்த ஓர் அலுவலகத்தோடு முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இதே பேச்சைப் பல நாடுகளில் கேட்கிறோம் என்பதால் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

என் அண்ணனுக்குப் பெருங்குடல் புற்றுநோய். தெரியவந்தபோதே நிணநீர்க் கணுக்கள் வரை பரவியிருந்தது. குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள், அப்புறம் கீமோ. அந்த மருந்தில் விரல் நுனிகள் மரத்துப்போய்விட்டன. இன்றைக்கும் சட்டைப் பொத்தானை அவராகப் போட்டுக்கொள்ள முடிவதில்லை, அண்ணிதான் போட்டுவிடுகிறார்.

அவருக்கு அழைப்பு வராமல் இல்லை. வந்தது. அந்தக் கடிதத்தை வாங்கி நானே படித்துப் பார்த்தேன். நல்ல தாளில், அழகாக அச்சடித்த இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுக்க நோயைப் பற்றி. இரண்டாம் பக்கத்தின் பாதிக்குக் கீழேதான் என்ன செய்ய வேண்டும் என்பதே வருகிறது: உங்கள் குடும்ப டாக்டரிடம் நேரம் வாங்கிச் சென்று, பரிசோதனை கிட்டைப் பெற்றுக்கொள்ளவும். அண்ணனுக்கு அப்போது வேலை சாயங்காலம் தொடங்கி நள்ளிரவு தாண்டி முடியும். டாக்டரின் அறை திறந்திருக்கும் நேரத்தில் அவர் ஒன்று தூங்கிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். உடம்பில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை, மலத்தில் ரத்தம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. நன்றாக இருக்கிற மனிதன் டாக்டரிடம் போய் நேரம் வாங்கி, காத்திருந்து, ஒரு சின்னக் குழாயை வாங்கி வர வேண்டும் என்று அந்தக் கடிதம் எதிர்பார்த்தது. கடிதம் சமையலறை இழுப்பறைக்குப் போனது. இரண்டு வருடம் கழித்து அதே மாதிரி இன்னொன்று வந்தது. அதுவும் அங்கேதான் போனது.

எங்கள் அக்கா நெதர்லாந்தில் இருக்கிறார். அவருக்கு 55 வயதானதும் முதலில் ஓர் அறிவிப்பு வந்தது. சில வாரங்களில் கிட்டே வந்துவிட்டது. உள்ளே ஒரு சின்னக் குழாய். அதன் மூடியோடு சேர்ந்து ஒரு குச்சி, குச்சியின் முனையில் வரிவரியாகப் பள்ளங்கள். மலத்தில் நாலைந்து இடத்தில் குத்தி எடுத்து, குழாய்க்குள் திருப்பிச் செருகி, தேதியை எழுதி, கூடவே வந்த உறையில் போட்டுத் தபாலில் சேர்த்துவிட வேண்டும். தபால்தலைகூட ஒட்ட வேண்டியதில்லை. சாப்பாட்டில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அக்கா செய்து அனுப்பினார், முடிவு வந்தது, ஒன்றும் இல்லை என்றார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இப்படியே நடக்கிறது. அவரிடம் இதைப் பற்றி விசாரித்தபோது, இதெல்லாம் ஒரு விஷயமா என்பது போலப் பார்த்தார். "பெட்டி வந்துச்சு, பாத்ரூமிலே வச்சிருந்தேன், செஞ்சு அனுப்பிட்டேன்" என்றார்.

ஒரே வீட்டில், ஒரே அம்மா அப்பாவிடம் வளர்ந்த இரண்டு பேர். மலத்தைப் பற்றிப் பேசக் கூச்சம் இருவருக்கும் ஒன்றுபோலத்தான். இந்த நோயைப் பற்றி அக்காவுக்கு அண்ணனைவிட எதுவும் அதிகமாகத் தெரியாது. உங்கள் அலுவலகம் சொல்கிற விழிப்புணர்வு இந்த இரண்டு பேரில் யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை?

கிட் வீட்டுக்கு வந்திருந்தால் அண்ணனின் நோய் கட்டாயம் முன்பே பிடிபட்டிருக்கும் என்று நான் வாதாடவில்லை. எல்லாக் கட்டிகளும் எப்போதும் ரத்தம் கசிவதில்லை, எந்தப் பரிசோதனையும் நூற்றுக்கு நூறு சரியாக இருப்பதில்லை. ஆனால் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய வாய்ப்பு அவர் கைக்கு வரவே இல்லை. முதல் நிலையில் கண்டுபிடிக்கப்பட்டால் பத்தில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். உடலின் மற்ற உறுப்புகளுக்குப் பரவிவிட்டால் பத்தில் ஒருவர் அளவுக்கு வந்துவிடுகிறது. 2022இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 19 லட்சம் பேருக்கு இந்த நோய் வந்தது, 9 லட்சம் பேர் இறந்தார்கள். அதிகம் பேரைக் கொல்லும் புற்றுநோய்களில் இரண்டாவது இடம் இதற்கு. புற்றுநோயாக மாறுவதற்கு முன்பே, குடலின் உட்சுவரில் முளைக்கும் வெறும் சதை வளர்ச்சியாக, அதாவது பாலிப்பாக, இருக்கும்போதே வெட்டி எடுத்துவிடவும் முடியும். இவ்வளவு நல்ல வாய்ப்பு மற்றப் பல புற்றுநோய்களுக்குக் கிடையாது.

இனி நாடுகளின் கணக்கைப் பார்ப்போம். உங்களுக்குத் தெரியாத எண்கள் இல்லை, ஆனால் எதிரெதிரே வைத்துப் பார்க்கிறீர்களா என்பதுதான் என் சந்தேகம். கிட்டை வீட்டுக்கே அனுப்பும் நெதர்லாந்தில், 2014இல் திட்டம் தொடங்கியதிலிருந்தே பங்கேற்பு 70 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. பின்லாந்தில் 2004லேயே, மலத்தை அட்டையில் தடவி அனுப்பும் அந்தப் பழைய பரிசோதனையிலேயே, 70ஐத் தொட்டார்கள். ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலும் அதே அளவு. பிரான்சில் பல ஆண்டுகளாக டாக்டரிடம் போய்த்தான் கிட் வாங்க வேண்டியிருந்தது. பங்கேற்பு மூன்றில் ஒரு பங்கு. 2022லிருந்து மருந்தகத்தில் வாங்கலாம், இணையத்திலும் கேட்டுப் பெறலாம் என்று கொண்டுவந்தார்கள். நல்ல மாற்றம்தான், ஆனால் கேட்பவருக்குத்தான் கிட் என்ற அடிப்படை மாறவில்லை. ஜெர்மனியில், கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி 2002லிருந்தே இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் தகுதி உள்ள எல்லோருக்கும் முறையாக அழைப்புக் கடிதம் போகத் தொடங்கியது 2019இல்தான். ஐரோப்பிய வழிகாட்டி நெறிமுறைகள் 2010லேயே குறைந்தபட்சம் 45 சதவீதம், விரும்பத்தக்கது 65 சதவீதம் என்று கோடு போட்டுக் காட்டிவிட்டன. அந்தக் கீழ்க்கோட்டையே எட்டாத நாடுகள் இன்னும் இருக்கின்றன.

'ஒவ்வொரு நாட்டு மக்களின் சுபாவம் வேறு, டச்சுக்காரர்கள் எதற்கும் ஒழுங்காகக் கலந்துகொள்வார்கள்' என்று நீங்கள் சொல்வீர்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஒரே ஆய்வில், ஒரே மாதிரி அழைப்பு அனுப்பி கொலோனோஸ்கோபிக்கு வரச் சொன்னபோது, நார்வேயில் 60 சதவீதத்துக்குச் சற்று மேல் வந்தார்கள், ஸ்வீடனில் 40, போலந்தில் 33. அரசின் மீதும் மருத்துவத்தின் மீதும் உள்ள நம்பிக்கை நாட்டுக்கு நாடு மாறும், ஒத்துக்கொள்கிறேன். சரி, இப்போது அந்த ஸ்வீடனையே எடுங்கள். இன்னொரு ஆய்வில் ஸ்வீடன் மக்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவைக் கொலோனோஸ்கோபிக்கு அழைத்தார்கள், இன்னொரு பிரிவுக்கு மலப் பரிசோதனை கிட்டை அனுப்பினார்கள். முதல் பிரிவில் 35 சதவீதம் வந்தார்கள், இரண்டாவதில் 55. இரண்டு பிரிவும் ஒரே நாட்டு மக்கள். மாறியது நீங்கள் அவர்களிடம் கேட்ட வேலை மட்டும்.

இங்கிலாந்து இதைவிடத் தெளிவாகக் காட்டிவிட்டது. 2006இல் தொடங்கிய அவர்களுடைய முதல் பரிசோதனை ஓர் அட்டை. மூன்று தனித்தனி மலத்திலிருந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு இடத்தில் எடுத்து, ஆறு சின்ன ஜன்னல்களில் தடவ வேண்டும். அந்த அட்டை பல நாள் குளியலறையில் கிடக்கும். 2014இல், ஒரே ஒரு மாதிரி போதும் என்ற புதிய ஃபிட் பரிசோதனையை (அக்காவுக்கு வந்த குழாய் இந்த வகைதான்) வெள்ளோட்டம் பார்த்தார்கள். பங்கேற்பு 59.3 சதவீதத்திலிருந்து 66.4க்கு ஏறியது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொரு எண். முன்பு அழைத்தும் செய்யாதவர்களில், பழைய அட்டையை அனுப்பியபோது 12.5 சதவீதம் பேர்தான் செய்தார்கள். ஃபிட் அனுப்பியபோது 23.9 சதவீதம். 'அக்கறை இல்லாதவர்கள்' என்று நீங்கள் கணக்கு முடித்துவைத்தவர்கள் இவர்கள். சுவரொட்டி ஒட்டி யாரும் அவர்களை மாற்றவில்லை.

அமெரிக்காவில் தேசிய அளவில் ஒழுங்கமைத்த திட்டமே கிடையாது. ஆனாலும் வடக்கு கலிஃபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே என்ற சுகாதார அமைப்பு, பரிசோதனை செய்யாத உறுப்பினர்களுக்குக் கிட்டை வருடா வருடம் வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியது. நினைவூட்டியது, விடுபட்டவர்களைத் தேடிப் பிடித்தது. 2000இல் உரிய காலத்துக்குள் பரிசோதனை செய்திருந்தவர்கள் 39 சதவீதம். 2015இல் 83 சதவீதம். அதே காலத்தில் அந்த உறுப்பினர்களிடையே இந்த நோயால் ஏற்படும் மரணம் பாதியாகக் குறைந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் அவர்களுக்கும் நாடு ஒன்று, மொழி ஒன்று. நாட்டு சுபாவம் என்று சொல்லிக்கொண்டிருந்தால் இதை எப்படி விளக்குவீர்கள்?

கிட்டைத் தபாலில் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் வீட்டுக்கே அனுப்புகிறார்கள், ஆனாலும் பத்தில் நான்கு பேர்தான் திருப்பி அனுப்புகிறார்கள். அங்கே பூர்வகுடி மக்களிடையே பங்கேற்பு இன்னும் குறைவு. அவர்கள் நம்புகிற சுகாதார மையத்திலேயே கிட்டைக் கையில் கொடுத்து, எப்படிச் செய்வது என்று உட்கார்ந்து விளக்கும் வழியை முன்னோட்டமாகத் தொடங்கிப் பார்த்தார்கள். இங்கிலாந்திலும் தொடக்க ஆண்டுகளில் மிக வசதியான பகுதிகளில் 61 சதவீதம் பேரும் மிக ஏழ்மையான பகுதிகளில் 35 சதவீதம் பேரும்தான் செய்தார்கள். தேசத்தின் சராசரியை மட்டும் பார்த்தால் இந்த இடைவெளி கண்ணில் படாது. ஒரு நாட்டுக்குள்ளேயே இரண்டு நாடுகள் இருக்கின்றன. என் அண்ணன் போன்றவர்கள் எப்போதும் இரண்டாவது நாட்டில்தான் வாழ்கிறார்கள்: இரவு வேலை, வாடகை வீடு, அடிக்கடி மாறும் முகவரி, அலுவலக மொழி அரைகுறை. ஆண்கள் பெண்களைவிடக் குறைவாகச் செய்கிறார்கள் என்பதும் பல நாடுகளில் தெரிந்த விஷயம்தான்.

இன்னொரு விஷயத்தைப் பற்றி உங்கள் அறிக்கைகளில் ஒரு வரிக்கு மேல் நான் பார்த்ததில்லை. கிட் வந்து, அதில் ரத்தம் இருப்பது தெரிந்தால் அப்புறம் என்ன? கொலோனோஸ்கோபி. அதைச் செய்ய ஆள் வேண்டும், அறை வேண்டும். நெதர்லாந்தில் 2014இல் தொடங்கிய சில மாதங்களிலேயே, எதிர்பார்த்ததைவிட அதிகம் பேருக்கு ரத்தம் தெரிந்ததால், ஒரு கிராம் மலத்தில் 15 மைக்ரோகிராம் ஹீமோகுளோபின் (ரத்தத்தின் சிவப்புப் பொருள்) இருந்தாலே கொலோனோஸ்கோபிக்கு அழைப்பது என்றிருந்த வரம்பை 47க்கு உயர்த்த வேண்டி வந்தது. ஃபிட்டைக் கொண்டுவந்தபோது ஸ்காட்லாந்து 80 என்று வைத்தது, இங்கிலாந்து 120 என்று வைத்தது. அதாவது ஒரே குழாயில் ஒரே அளவு ரத்தம் இருந்தாலும், அப்போது எல்லைக்கு இந்தப் பக்கம் உங்களை மருத்துவமனைக்குக் கூப்பிட்டிருப்பார்கள், அந்தப் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று கடிதம் வந்திருக்கும். ரத்தத்துக்கு எல்லை தெரியாது. இந்த வரம்புகள் பெரும்பாலும் எத்தனை கொலோனோஸ்கோபி செய்ய முடியும் என்பதை வைத்து முடிவாகின்றன என்பதை மக்களிடம் நேராகச் சொல்லுங்கள். கேட்டால் புரிந்துகொள்வார்கள். பங்கேற்பை உயர்த்தாமல் விடுவதற்கு இந்தப் பற்றாக்குறையும் ஒரு காரணம் என்றால், அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். விழிப்புணர்வு இல்லை என்று எங்கள் தலையில் போடாதீர்கள்.

2025க்குள் தகுதி உள்ளவர்களில் 90 சதவீதம் பேருக்குப் பரிசோதனைக்கான அழைப்பு போய்ச் சேர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் இலக்கு வைத்தது. அந்தக் கணக்கில் என் அண்ணனும் சேர்த்தி. அவருக்கு அழைப்பு போனது, உங்கள் அட்டவணையில் அவர் பெயருக்கு நேரே ஒரு குறியும் விழுந்திருக்கும். இப்படி ஒருவரை எண்ணிவிட்டு, அப்புறம் அவர் வரவில்லை என்பதை அவருடைய குறையாக எழுதுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

எனவே உங்களிடம் கேட்பது இவை.

கிட்டை, தகுதி வயதில் உள்ள ஒவ்வொருவரின் வீட்டுக்கும் நேரடியாக, அவர் கேட்காமலேயே அனுப்புங்கள். அதற்குச் சில வாரம் முன்பு ஓர் அறிவிப்புக் கடிதம், திருப்பி அனுப்பாதவர்களுக்கு ஒரு நினைவூட்டல். இதற்கு மேல் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, இவற்றைச் செய்துகாட்டிய நாடுகள் உங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. வேண்டாம் என்பவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட வழி வையுங்கள். வேண்டும் என்று கேட்டு அலைய வேண்டிய நிலையை எடுத்துவிடுங்கள்.

அழைப்புக் கடிதத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது முதல் பக்கத்தில், முதல் சில வரிகளுக்குள் இருக்கட்டும். அந்த நாட்டில் அதிகம் பேசப்படும் மற்ற மொழிகளில் ஒரு பக்க விளக்கமும், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படங்களும் கூடவே வரட்டும்.

கடிதத்தாலும் கிட்டாலும் சென்றடைய முடியாதவர்களுக்கு வேறு வழியைத் திறந்துவிடுங்கள். வேலை செய்யும் இடத்தில், ஆரம்ப சுகாதார மையத்தில், அவர்கள் நம்புகிற ஒருவர் கையால் கிட் கிடைக்க வேண்டும். அதற்கான பணத்தைச் சுவரொட்டி ஒதுக்கீட்டிலிருந்து எடுங்கள்.

பங்கேற்பு விவரத்தை ஆண்டுதோறும் பகுதி வாரியாக, வருமான நிலை வாரியாக, ஆண் பெண் வாரியாக வெளியிடுங்கள். ரத்தம் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்குக் கொலோனோஸ்கோபி நடந்தது, அதற்கு எத்தனை நாள் காத்திருந்தார்கள், உங்கள் நாட்டின் வரம்பு எவ்வளவு, ஏன் அந்த அளவு என்பதையும் அதே அறிக்கையில் சேருங்கள். கொலோனோஸ்கோபி செய்யப் பயிற்சி பெற்றவர்களின் எண்ணிக்கையை எப்போது, எவ்வளவு கூட்டப் போகிறீர்கள் என்பதற்கும் தேதி வேண்டும். முதல் பரிசோதனை இலவசமாக இருந்து, அதைத் தொடரும் பரிசோதனைக்கு நோயாளியின் கையிலிருந்து பணம் போகிற எந்த ஏற்பாடு இருந்தாலும் அதை நீக்குங்கள்.

கடைசியாக, எனக்கு அந்தப் பதிலை அனுப்பிய அலுவலகத்திடம்: கிட்டை வீட்டுக்கு அனுப்பும் யோசனை ஏன் பரிசீலனையில் இல்லை என்பதை, செலவுக் கணக்கோடு, எழுத்தில் பொதுமக்கள் முன் வையுங்கள். அடுத்த சுற்று அழைப்புகள் அச்சுக்குப் போவதற்கு முன்பே அது வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பெருங்குடல் புற்றுநோயாளியின் தங்கை